மேல் பலகை

“ஆளு பேரு என்ன?” போட்டிக்குப் பெயர் எழுதிக்கொண்டிருந்த கிளாக்கர் ஐயா மறுபடியும் கேட்டார்.

வீரம்மா சிரித்துக்கொண்டே ராக்காயியின் விலாவில் இடித்தாள். “நீயே சொல்லேன்.”

“அழகுமுத்துங்க ஐயா,” என்றாள் ராக்காயி. “இவ சொல்ல மாட்டா. சொன்னா புருசனுக்கு ஆயுசு கொறஞ்சிடுமாம். கொழுந்து பறிக்கிற மலையில ஊரு ஆளுங்க மாதிரியெல்லாம் பேசிக் காட்டி எங்கள சிரிக்க வைப்பா. இந்த ஒரு பேரு மட்டும் அவ வாயில வராது.”

“அப்ப அந்த ஆளே சொல்லலாமே?”

அந்த ஆள் சொல்லும் நிலையில் இல்லை. அழகுமுத்து அண்ணாந்து, குளத்தின் மேல் கட்டியிருந்த மரச்சாரத்தைப் பார்த்தபடி நின்றான். அதில் மூன்று பலகைகள். மேல் பலகை, தேயிலைத் தொழிற்சாலையின் கூரை உயரத்துக்கு இருந்தது.

எல்லாம் அவன் வாயால் வந்த வினை. கொழும்புத் துறைமுகத்தில் கப்பலின் உச்சியிலிருந்து தலைகீழாகக் குதித்து, வெள்ளைக்காரர்கள் எறியும் காசைப் பல்லாலேயே கவ்விக்கொண்டு வந்த கதையைப் பதினைந்து வருடமாகத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சொல்லி வந்தான். அது எப்படியோ தோட்ட அதிகாரி சின்னத்துரையின் காதுக்குப் போய்ச் சேர்ந்தது. தோட்டத்து விளையாட்டு விழாவில் இந்த வருடம் குதிக்கும் போட்டியையும் சேர்த்துவிட்டார். முதல் பரிசு, சிவப்புக் கரை போட்ட புதுக் கம்பளி.

கம்பளி போனால் போகட்டும். அழகுமுத்துவின் கவலையெல்லாம் வீரம்மாதான். கன்னத்தில் கை வைத்து எல்லாக் கதையையும் கேட்டவள் அவள். ஒரு நாளும் குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. இன்று அவன் குதிக்காமல் இறங்கினால், நாளை முதல் அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

முதலில் சின்னராசா நடுப்பலகையிலிருந்து மூக்கைப் பிடித்துக்கொண்டு, நாற்காலியில் உட்கார்வதுபோல் குதித்தான். அடுத்துப் பொன்னையா. அவன் வயிறு தண்ணீரில் விழுந்த சத்தம் அக்கரை மலைக்குக் கேட்டது. கரையில் கடைக்கார நஸார் முதலாளி கைலியை மடித்துக் கட்டி, ஒரு லொறி ட்யூபுடன் தயாராக உட்கார்ந்திருந்தார். விழுந்தவர்களை இழுத்துப் போட்டார்.

“அடுத்தது அழகுமுத்து. மேல் பலகை,” என்று கிளாக்கர் வாசித்தார்.

ஏணியில் ஏறும்வரை கால்கள் ஒத்துழைத்தன. மேலே போனதும் அவை மரத்தோடு மரமாகிவிட்டன. கீழே குளம் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுக்குத் தெரிந்தது.

“என்ன அழகண்ணே, கப்பல் வரட்டும்னு நிக்கிறீங்களா?” என்று கேட்டான் பொன்னையா.

“காசு எறிஞ்சாத்தான் குதிப்பாரு. பழக்கதோசம்,” என்றான் சின்னராசா.

கூட்டம் சிரித்தது. அழகுமுத்து அந்தச் சிரிப்பில் வீரம்மாவின் முகத்தைத் தேடினான். அவளைக் காணவில்லை. புருசன் மானம் போவதைப் பார்க்கச் சகிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள் போலும். ‘மாரியாத்தா, என்னய எப்படியாவது கீழ சேர்த்துரு’ என்று கண்ணை மூடினான்.

மலையிலிருந்து மூடுபனி இறங்கிக் குளக்கரைப் பம்பு அறையை மறைத்தது. இனி ஏணிதான் வழி என்று அவன் முடிவு செய்த நேரம், அந்தப் பனிக்குள்ளிருந்து கணக்கப்பிள்ளை முத்துலிங்கத்தின் கரகரத்த குரல் வெடித்தது.

“அழகுமுத்து!”

விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டால், தலை குனிந்து, நெற்றியில் கை வைத்து, ஓரடி முன்னால் வர வேண்டும். பிந்தினால் அன்றைக்கு வேலை இல்லை. பெரட்டில் நின்று பழகிய உடம்பு யோசிக்கவில்லை.

“சலாங்கையா,” என்று அழகுமுத்து ஓரடி முன்னால் வைத்தான்.

அங்கே பலகை இல்லை.

குனிந்த தலை முதலில் போனது. சலாம் வைத்த கை நெற்றியிலேயே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர்கூடத் தெறிக்காமல் ஆணி இறங்குவதுபோல் குளத்துக்குள் போனான். சின்னத்துரை எழுந்து நின்று கைதட்டினார். சலாம் போட்டுக்கொண்டே குதிக்கும் வித்தையை அவர் சீமையிலும் பார்த்ததில்லையாம்.

நஸார் முதலாளி அவனை ட்யூபில் இழுத்துக் கரை சேர்த்தார். “விடியக்காலையிலேயே உங்க வீட்டுல கடைக்கு வந்து ட்யூப் கேட்டாங்க. நல்லதாப் போச்சு,” என்றார். அழகுமுத்துவின் காதில் தண்ணீர்தான் நிறைந்திருந்தது.

சாயங்காலம் புதுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு லயத்துக்கு நடந்தான். ரோட்டு வளைவில் கணக்கப்பிள்ளை எதிரே வந்தார்.

“சலாங்கையா. நீங்க கூப்பிட்ட நேரம் நல்ல நேரமுங்க.”

“நான் எங்கடா கூப்பிட்டேன்? காலையில அட்டன் டவுனுக்குப் போனவன், இப்பத்தான் பஸ்ஸ விட்டு எறங்குறேன்.”

அழகுமுத்து ஒன்றும் புரியாமல் வீட்டுக்குப் போனான். வீரம்மா இல்லை. கோயிலில் மணி கேட்டது. போய்ப் பார்த்தால், மாரியம்மன் முன்னால் அவள் கற்பூரம் ஏற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

“பதினஞ்சு வருசமா சொல்லாத பேர இன்னிக்குச் சொல்லிட்டேன் ஆத்தா, அதுவும் கணக்கப்பிள்ளை கொரல்ல,” என்றாள் வீரம்மா. “அவரு ஆயுசுல மட்டும் கை வச்சிராத. அட்டனத் தாண்டாத மனுசன் கொழும்புக் கப்பலப் பத்திப் பேசுறத நான் இன்னும் ரொம்ப வருசம் கேக்கணும்.”