பெட்டி வைத்தவர்

"ஏனுங்க அங்கிள், பெட்டி இந்தக் கரையிலதான் இருக்குதுங்களா?"

"இங்கதான் அம்மணி. நல்லாத் தேடு" என்றார் தேவதாஸ்.

ஆடி வெள்ளத்தில் படகு கவிழ்ந்த பவானிக் கரையில் ஒரு பெட்டியை ஒளித்து வைத்திருப்பதாக வாட்ஸ்அப் குழுவில் துப்புப் போட்டிருந்தார் அவர். பெட்டியைக் கண்டுபிடித்து, அதிலிருக்கும் முத்திரையை நம் நோட்டில் குத்திக்கொள்வதுதான் விளையாட்டு.

கணபதியிலிருந்து பஸ் பிடித்து லின்சி வருவது இது மூன்றாவது ஞாயிறு. கையெல்லாம் முள் கீறியிருந்தது.

"நாணலுக்குள்ள பாத்தியா கண்ணு? பாறைச் சந்துல?"

"எல்லாம் பாத்துட்டனுங்க. ஒரு பழைய செருப்புதான் கிடைச்சுது."

தேவதாஸ் சட்டென்று எழுந்தார். "என்ன கலரு?"

"பச்சைங்க."

"பச்சையா..." அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

லின்சிக்குக் கோபம் வந்தது. "உண்மையைச் சொல்லுங்க. பெட்டி வச்சீங்களா, இல்லீங்களா?"

"வைக்கல அம்மணி." அவர் ஆற்றையே பார்த்தார். "படகுல போனவங்க எல்லாரும் கிடைச்சுட்டாங்க. எம்பையன் பிராங்க் மட்டும் கிடைக்கல. ஒரே வாரத்துல தேடறதை நிறுத்திப்போட்டாங்க. பொணம் தேட வாங்கன்னு கூப்பிட்டா யாரு கண்ணு வருவாங்க?"

லின்சி நோட்டைப் பைக்குள் வைத்தாள். பிறகு செல்போனை எடுத்துக் குழுவில் எழுதினாள்: 'பெட்டி இங்கதான் இருக்கு. கிட்ட வந்துட்டேன். அடுத்த ஞாயிறு எல்லாரும் வாங்க.'

முட்புதரை நோக்கி இறங்கியவள் திரும்பிக் கேட்டாள்:

"அண்ணனோட செருப்பு என்ன கலருங்க, அங்கிள்?"