ஏஜெண்டுக்குப் பொன்னாடை

“மாலை ரோசாப்பூவுல இருக்கட்டும். சார் கழுத்துக்கு நல்லா எடுப்பா இருக்கணும்” என்று மருமகள் மஞ்சு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். கேட்ட மாமியார் ஆண்டாயி கையிலிருந்த தாம்பாளத்தை ணங்கென்று கீழே வைத்தாள்.

பேத்திக்குக் காதுகுத்து. செந்துறை ரோட்டில் கட்டியிருந்த பேனரில் பிள்ளையின் படத்தைவிட ஏஜெண்டு சின்னதுரையின் படம்தான் பெரிதாக இருந்தது. “பாத்தா ஏஜெண்டுக்குத்தான் காதுகுத்துற மாதிரி இருக்கு” என்று பக்கத்து வீட்டு அம்சவள்ளி சிரித்துவிட்டுப் போனாள்.

ஆண்டாயியின் மகன் ரஞ்சித்குமாரை வெல்டிங் வேலைக்கென்று மலேசியாவுக்கு அனுப்பியவன் இந்தச் சின்னதுரைதான். அவன் போய்ச் சேர்ந்த மூன்றாம் மாதமே, வேலை பெர்மிட் இல்லையென்று அந்த ஊர் போலீஸ் பிடித்து முகாமில் அடைத்துவிட்டது. இன்னும் விடவில்லை.

புகார் கொடுத்தபோது, போலீஸ் ஸ்டேஷனில் சின்னதுரை கூசாமல் சொன்னான். “ஊர் சுத்திப் பாக்கப் போறேன்னாரு. நான் டிக்கெட்டு மட்டும்தான் போட்டுக் குடுத்தேன்.” ஆதாரம் எதுவும் இல்லாததால் அவன் காலாட்டிக்கொண்டே வெளியே வந்துவிட்டான்.

“ஏண்டி, எம்புள்ள அங்க கெடந்து சாவுறான். இவனுக்கு மாலை கேக்குதா?”

“செத்த சும்மா இருங்க அத்தை. ஆளு வர்ற நேரம்.”

ஆண்டாயி பிய்ந்த செருப்பு ஒன்றை எடுத்து முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். பந்தியில் உட்காரட்டும், இலையிலேயே பரிமாறுகிறேன் என்று கறுவினாள்.

சின்னதுரை காரிலிருந்து இறங்கினான். மஞ்சு மாலை போட்டு, பொன்னாடை போர்த்தி, மைக்கைப் பிடித்தாள். “எங்க வூட்டுக்காரருக்கு இப்ப பெர்மிட்டு ஆயிருச்சு. நல்ல வேலையில இருக்காரு. எல்லாம் சார் காட்டுன வழி.”

ஆண்டாயி மருமகளை முறைத்தாள். இதே பொய்யைப் போனிலும் சொல்லித்தான் அழைத்திருப்பாள் போல. சின்னதுரை திகைக்கவில்லை, மீசையைத் தடவிக்கொண்டான்.

“நம்மூரு பசங்களுக்கும் அந்த வழியச் சொல்லுங்க சார். நான் சொன்னா நம்ப மாட்டாங்க.”

பந்தலில் இருந்த இளவட்டங்களைப் பார்த்ததும் சின்னதுரைக்கு உற்சாகம் வந்துவிட்டது. “வேலை விசான்னா அந்த ஊரு கம்பெனிக்காரன் முன்னாடியே பெர்மிட்டு எடுத்து அனுப்பணும். அதுக்குக் காத்துக்கிட்டிருந்தா தாடி நரைச்சிரும் தம்பிங்களா.”

கூட்டம் சிரித்தது.

“நான் விசிட் விசாவுல ஏத்தி விட்டுருவேன். ஏர்போர்ட்டுல கேட்டா, சுத்திப் பாக்க வந்தேன்னு சொல்லச் சொல்லிக் குடுத்துருவேன். ரஞ்சித்த அப்படித்தான் அனுப்பினேன்.”

வீடியோக்காரர் நெருங்கி வந்தார். அந்த வெயிலிலும் கனத்த பழுப்பு ஷூ போட்டிருந்தார். “வேலைக்குன்னு தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா சார்? கேமராவப் பாத்துச் சொல்லுங்க.”

“பின்ன, ஊர் சுத்தவா அனுப்புவாங்க?” சின்னதுரை மாலையைச் சரிசெய்துகொண்டான். “இதுவரைக்கும் நாப்பது பேரு நம்ம கைவழியா இப்படித்தான் போயிருக்கான்.”

ஆண்டாயி செருப்போடு எழுந்தாள். மஞ்சு அவள் கையை இறுக்கிப் பிடித்து உட்கார வைத்தாள். பிறகு வீடியோக்காரர் பக்கம் திரும்பினாள்.

“இது போதுங்களா, ஏட்டய்யா?”