பிசிறில்லாமல்

இருபத்தாறாவது தடவையும் தயாரிப்பாளர் உதட்டைப் பிதுக்கினார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், மைக்குக்கு முன்னால் நின்றிருந்த பாடகி ஹெட்ஃபோனைச் சரிசெய்துகொண்டாள்.

"இன்னொரு தடவை போயிடலாம்மா" என்று ஹெட்ஃபோனில் அவர் குரல் வந்தது. என்ன குறை என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்க மாட்டார்.

காலை ஒன்பது மணிக்குச் சாத்திய கதவு. ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு, பெருமூச்சு விட்டால்கூடச் சத்தம் அங்கேயே செத்துவிடும். நாலு மணிக்கு மகள் பள்ளி மேடையில் முதன்முதலாகப் பாடப் போகிறாள். முன் வரிசையில் உட்கார்ந்திருப்பேன் என்று இவள் வாக்குக் கொடுத்திருந்தாள். இப்போதே மணி மூன்றைத் தாண்டிவிட்டது.

உதறிவிட்டுப் போகவும் வழியில்லை. ஒப்பந்தப்படி இது மூன்றாவது ஆல்பம், கடைசி. கம்பெனி இதை ஏற்றுக்கொள்கிறவரை வேறெங்கும் போய்ப் பாடக் கூடாது.

முதல் ஆல்பத்தை அக்கா வீட்டுச் சமையலறையில் வைத்து ஒரே மத்தியானத்தில் முடித்திருந்தார்கள். மாடிவீட்டுக்காரர் ஆணி அடித்த சத்தம்கூட அதில் விழுந்திருந்தது. ஊரே அதைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது. இரண்டாவதை எட்டு மாதம் இழைத்து இழைத்துச் செய்தார்கள், சீந்துவாரில்லை. கோளாறு தன் தொண்டையில்தான் என்று அவள் அன்றே முடிவு கட்டிவிட்டாள்.

இன்று காலையில் பன்னிரண்டாவது தடவை பாடும்போது, மேலே ஏறுகிற இடத்தில் குரல் லேசாகத் தடுக்கியது. தயாரிப்பாளர் சட்டென்று நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். திட்டத்தான் எழுகிறார் என்று பதறிப்போய், தொண்டையை இறுக்கிச் சமாளித்து மீதியை முடித்தாள். அவர் தொப்பென்று உட்கார்ந்துகொண்டார். அதற்குப் பிறகு ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டுத்தான் பாடினாள்.

இருபத்தேழு. இருபத்தெட்டு. சுருதி அசையவில்லை, தாளம் இம்மி பிசகவில்லை. இருபத்தொன்பதாவது முடிந்ததும், தயாரிப்பாளருக்குப் பக்கத்தில் இருந்த ஒலிப்பதிவாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

மேஜைமேல் போன் ஒளிர்ந்தது. கணவரின் செய்தி. பிள்ளை மேடையேறிவிட்டாளாம், முன் வரிசையில் அம்மாவைத் தேடிக்கொண்டே நிற்கிறாளாம்.

பாடகி போனைக் கவிழ்த்து வைத்தாள். ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, கனத்த கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

"சார், இதைவிட சுத்தமா என்னால பாட முடியாது. எங்க சறுக்குறேன்னாவது சொல்லிடுங்க, திருத்திக்கிறேன்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். தயாரிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"சொன்னா மொத ஆல்பம் மாதிரி இயல்பா வராதேன்னு பார்த்தோம்" என்றார். "நீ எங்கயாவது தப்பு பண்ணுவேன்னுதாம்மா காலையிலேர்ந்து காத்துக்கிட்டிருக்கோம்."