பத்தாவது வண்டி

"மாமா, அந்தம்மாதான். நீங்க இல்லைனு சொல்லிடவா?" மச்சினன் போனைப் பொத்திக்கொண்டு கேட்டான்.

"வேண்டாம், குடு" என்றார் லிஃப்ட் மெக்கானிக்.

ஏழு வாரமாக இதே கூத்து. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியானால் போன் வந்துவிடும். மச்சினன் அந்த அம்மாவுக்குப் 'புகார் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டான்.

மெக்கானிக் பன்னிரண்டு வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவர். லிஃப்ட் நின்றுபோன கட்டடங்களில் ஜனங்கள் பையும் மூட்டையுமாக மூச்சு வாங்கி ஏறுவதைப் பார்த்துப் பார்த்து, படியேறும் தள்ளுவண்டி ஒன்று செய்தால் என்ன என்று தோன்றியது. வேலையை விட்டார். வீட்டுக் கார் ஷெட்டில் மச்சினனைக் கூட வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு மூன்று சக்கரம் பூட்டி ஒரு வண்டி செய்தார். இழுத்தால் சக்கரங்கள் ஒன்று மாற்றி ஒன்று படியில் கால் வைத்து ஏறும்.

ஒரு கண்காட்சியில் கடை போட்டார்கள். பத்து வண்டி விற்றது. ஒன்பது பேர் வாய் நிறையப் பாராட்டினார்கள்.

பத்தாவது ஆள்தான் புகார் அக்கா.

"நாலு மாடி ஏறுறதுக்குள்ள தோள்பட்டை கழண்டுடுது. கைப்பிடி குட்டை." இது முதல் வாரம்.

கைப்பிடியை நீட்டிக் கொடுத்தார்.

"சத்தம் தாங்கலை. ரெண்டாவது மாடியில குழந்தை முழிச்சுக்குது."

ரப்பரை மாற்றினார். அடுத்து, ஈரப்படியில் வழுக்குகிறது என்று போன். அதற்கடுத்து, "இறங்கும்போது வண்டி முன்னால ஓடுது, நான் பின்னால ஓடுறேன். நான் வண்டியைக் கூட்டிட்டுப் போறேனா, அது என்னைக் கூட்டிட்டுப் போகுதா?"

பிரேக் வைத்தார். ஒவ்வொரு தடவையும் புகார் அக்காவே வண்டியை ஷெட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, சரியானதும் வந்து எடுத்துப் போவார்.

"பத்துல ஒண்ணு இப்படித்தான் மாமா வந்து மாட்டும். வேற கடையில வாங்கிக்கோங்கனு ஒரு கும்பிடு போட்டுடலாம்."

"குறை நிஜமா இருக்கேடா" என்பார் மெக்கானிக். ஆனாலும் ஞாயிறு வந்தால் அவரும் பத்து மணி ஆகிறதா என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

ஒருவழியாக ஒரு தொழிற்சாலை முதலாளி சம்மதித்தார். "ஐந்நூறு வண்டி செஞ்சு தரேன். ஆனா அச்சு போட்டுட்டா அப்புறம் மாத்த முடியாது. வாங்கினவங்களை நேர்ல பார்த்து, என்ன சொல்றாங்கனு எழுதிட்டு வாங்க."

இரண்டு பேரும் நோட்டுப் புத்தகத்தோடு கிளம்பினார்கள்.

முதல் வீட்டில், "பிரமாதமான வண்டிங்க" என்றார்கள். வண்டிமேல் பூந்தொட்டி இருந்தது. இரண்டாவது வீட்டில் அது பரண்மேல், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் இருந்தது. அங்கேயும் பிரமாதம்தான். மூன்றாவது வீட்டில் குழந்தை அதில் உட்கார்ந்து சவாரி போய்க்கொண்டிருந்தது. ஒன்பதாவது வீட்டில் வண்டியைத் தேடிக் கண்டுபிடிக்கவே கால்மணி நேரம் ஆனது. கிடைத்ததும், "என்ன வேலைப்பாடு" என்று தட்டிக்கொடுத்தார்கள்.

மெக்கானிக்கின் முகம் தொங்கிப்போனது. "ஒருத்தர்கூட ஒரு படி ஏத்திப் பார்க்கலையேடா."

"இன்னும் ஒண்ணு பாக்கி. வாங்க, திட்டு வாங்கிட்டு வந்துடலாம்."

புகார் அக்காவின் வீடு தெருக்கோடியில் இருந்தது. தரையோடு ஒட்டிய ஒற்றை அறை. மாடி இல்லை. வாசலில் ஒரு படிகூட இல்லை.

மச்சினன் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான். "மாமா, மோசம் போனோம். இல்லாத படியில ஏறி ஏழு வாரமா குறை சொல்லியிருக்காங்க."

உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது. புகார் அக்கா எழுந்து வந்தார்.

"நாலு மாடினு சொன்னீங்களே, எங்கேங்க?" மெக்கானிக்கின் குரலில் கொஞ்சம் சூடு ஏறியிருந்தது.

"எதிர்ல இருக்கே, தெரியலையா?"

எதிரே நாலு மாடிக் கட்டடம்.

"அங்க லிஃப்ட் கிடையாது. தினம் காலையில வண்டியோட வாசல்ல போய் நிப்பேன். காய்கறியோ தண்ணி கேனோ, யார் தூக்கிட்டு வந்தாலும் வாங்கி மேல கொண்டுபோய் விட்டுட்டு வருவேன்."

"கூலிக்கா?"

"சும்மாதான். நிக்காதீங்க, உட்காருங்க. இன்னும் ரெண்டு குறை இருக்கு. மூணாவது மாடித் திருப்பத்துல வண்டி சுவத்துல இடிக்குது. அகலத்தை ரெண்டு விரல்கடை குறைங்க. அப்புறம், அந்த பிரேக் கம்பி கையைக் கீறுது."

ஒன்பது பக்கம் 'பிரமாதம்' என்றே எழுதியிருந்த நோட்டில், மச்சினன் முதல் முறையாக வரி வரியாக எழுதினான்.

மெக்கானிக் மெதுவாகக் கேட்டார். "உங்க வீட்டுல படியே இல்லை. எதுக்குங்க இதை வாங்கினீங்க? எதுக்கு இவ்வளவு பாடு?"

புகார் அக்கா சிரித்தார்.

"நான் முன்னே ஸ்கூல் பை தச்சு வித்தேங்க. வாங்கினவங்க எல்லாரும் 'நல்லாருக்கு'ன்னாங்க. ஒருத்தரும் திரும்பி வரலை. வார் பிஞ்சு போகுதுங்கிற விஷயமே கடையை மூடினப்புறம்தான் எனக்குத் தெரிஞ்சுது. கண்காட்சியில உங்ககிட்ட எல்லாரும் 'பிரமாதம், பிரமாதம்'னு சொல்லிட்டுப் போனாங்க. நீங்க பூரிச்சுப் போய் நின்னீங்க. அதைப் பார்த்ததும் எனக்குப் பயமாப் போச்சு. அதான் ஒண்ணு வாங்கினேன்."