போலிகளை ஒழிக்கும் அட்டை

நகராட்சிக் கூட்ட அரங்கின் கடைசி வரிசையில், சீருடை இல்லாமல் உட்கார்ந்திருந்தார் அந்தப் பெண் இன்ஸ்பெக்டர். ‘அனைவருக்கும் கட்டாய டிஜிட்டல் அடையாள அட்டை: பொதுமக்கள் கருத்துக் கேட்பு’ என்றது மேடையில் தொங்கிய பேனர்.

அவர் கருத்துச் சொல்ல வரவில்லை. ஆள் பிடிக்க வந்திருந்தார்.

இரண்டு வருடங்களாக அந்த ஊரில் யாரோ போலிப் பிறப்புச் சான்றிதழ் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். சாதாரணப் போலி இல்லை. பதிவாளரே பார்த்துவிட்டு, ‘என் கையெழுத்துதான்’ என்று சத்தியம் செய்யும் அளவுக்குச் சுத்தமான போலி. வைத்திருந்தவர்கள் அகப்பட்டார்கள், செய்தவர் மட்டும் அகப்படவில்லை.

இன்ஸ்பெக்டர் போட்ட கணக்கு எளிமையானது. கைரேகை, கருவிழி எல்லாம் பதிந்து அட்டை வந்துவிட்டால், போலிக் காகிதம் செய்கிறவர் பிழைப்பில் மண் விழும். ஆகவே இந்தச் சட்டத்தை யார் அதிகமாக எதிர்க்கிறாரோ, அவர்மேல் ஒரு கண் வைத்தால் போதும்.

தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதல் ஆளாக மைக்கைப் பிடித்தார் ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர்.

“நாற்பது வருஷமா ஒரே தெருவுல இருக்கேன். நான் நான்தான்னு ஒரு மெஷின் வந்து சொல்லணுமா? என் கைரேகை என் கையிலயே இருக்கட்டும். நான் குடுக்கறதா இல்ல.”

பாதி அரங்கு கை தட்டியது. இன்ஸ்பெக்டர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

அடுத்து எழுந்தவர், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர்.

“டீச்சர் மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா நாள் பூரா ஊர்க் காகிதத்தைப் பார்க்கிறவன் நான். எது நிஜம், எது போலின்னு தெரியாம தலை சுத்துது. நேர்மையா இருக்கிறவங்களுக்கு என்ன பயம்? அட்டை நாளைக்கே வரணும்.”

மீதிப் பாதி கை தட்டியது.

கூட்டம் கலைந்ததும் ஜெராக்ஸ்காரரே இன்ஸ்பெக்டரை அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“மேடம், சொல்லலாமான்னு தெரியல. டீச்சர் மாசம் ரெண்டு கட்டு பேப்பர் வாங்கறாங்க. வீட்ல பெரிய பிரிண்டர் வேற. தனியா இருக்கிறவங்களுக்கு எதுக்கு அவ்வளவு?”

மறுநாள் காலை டீச்சர் வீட்டைப் புரட்டிப் போட்டார்கள். பிரிண்டர் இருந்தது. பேப்பர் கட்டுகள் இருந்தன. அலமாரியில், பூட்டிய தகரப் பெட்டிக்குள் ரப்பர் முத்திரைகளும் இருந்தன. இன்ஸ்பெக்டர் ஒன்றை எடுத்துத் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்தார்.

‘சபாஷ்’ என்று விழுந்தது.

இன்னொன்றைத் திருப்பிப் பார்த்தார். ‘மறுபடி போடு.’

“டியூஷன் பிள்ளைங்களுக்கு வச்சிருக்கேன்” என்றார் டீச்சர். “உங்களுக்கு ரெண்டாவதைத்தான் குத்தியிருக்கணும்.”

அந்த மாதமே சட்டம் நிறைவேறியது. முதலில் அரசு ஊழியர்கள். இரண்டு வாரத்துக்குள் அட்டை வாங்காவிட்டால் பணிக்கு வர முடியாது. ஒரே ஓர் ஆவணம் போதும் என்றார்கள்: பிறப்புச் சான்றிதழ்.

இன்ஸ்பெக்டரிடம் அது இல்லை. அம்மாவுக்குப் போன் போட்டார்.

“நான் பொறந்ததை எங்கயாவது பதிஞ்சீங்களாம்மா?”

“உன்னைப் பெத்தவ நான் உசிரோடதானே இருக்கேன். கடுதாசி எதுக்குடி?”

பழைய பதிவேடுகளைத் தேட ஆறு மாதமாகும் என்று பதிவாளர் அலுவலகத்தில் கையை விரித்துவிட்டார்கள். படிவத்தை நகலெடுக்கப் போன இடத்தில், இன்ஸ்பெக்டர் ஜெராக்ஸ்காரரிடம் வாய்விட்டுப் புலம்பினார்.

“இதுக்கா மேடம் கலங்கறீங்க? பதிவேட்டு அறையில எனக்கு வேண்டியவர் ஒருத்தர் இருக்கார். பொறந்த தேதி, ஊரு, அப்பா அம்மா பேரு எழுதிக் குடுங்க. தேடி எடுத்துடலாம்.”

மூன்றாம் நாள் சான்றிதழ் கைக்கு வந்தது. “ரொம்ப அடியில கிடந்துச்சாம் மேடம்” என்றார் ஜெராக்ஸ்காரர்.

அட்டைப் பதிவு மையத்தில் இன்ஸ்பெக்டருக்கு முன்னால் டீச்சர் நின்றுகொண்டிருந்தார். அட்டை இல்லாதவர்களுக்கு இனி மருத்துவமனையில் சீட்டுகூடக் கிடையாது என்று அறிவித்திருந்தார்கள். சர்க்கரை நோயாளி எத்தனை நாள் வீறாப்பாக இருக்க முடியும்?

அவர் கொடுத்த பழைய சான்றிதழைக் குமாஸ்தா மெஷினுக்குள் விட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

“முத்திரை அழிஞ்சிருக்கு. கையெழுத்து ஒத்துப்போகல. போலின்னு காட்டுதும்மா. அடுத்தவங்க வாங்க.”

“எங்கப்பா கால் கடுக்க நின்னு வாங்கினதுப்பா இது.”

“மெஷின் சொல்றதைத்தானேம்மா நான் சொல்ல முடியும்.”

இன்ஸ்பெக்டருடையதற்கு அரை நிமிடத்தில் பச்சை விளக்கு எரிந்தது. “எல்லாரும் இப்படிச் சுத்தமா கொண்டுவந்தா எங்களுக்கு வேலையே இல்ல மேடம்” என்று குமாஸ்தா பாராட்டினார்.

வெளியே பெஞ்சில், சான்றிதழை மடியில் விரித்துவைத்துக்கொண்டு டீச்சர் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டைப் புரட்டிப்போட்ட நாள் இன்ஸ்பெக்டரின் மனதை உறுத்தியது. பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“கவலைப்படாதீங்க டீச்சர். நேரா ஜெராக்ஸ் கடைக்குப் போங்க. நான் அனுப்பினேன்னு சொல்லுங்க. பதிவேட்டு அறையில அவருக்கு ஆள் இருக்கு.”

அன்று மாலை, கடைக் கதவை உள்பக்கம் தாழிட்டுக்கொண்ட ஜெராக்ஸ்காரர், இன்ஸ்பெக்டருக்குக் குத்திய அதே பதிவாளர் முத்திரையை டீச்சருக்கும் குத்தி, ஊதிக் காயவைத்துவிட்டு, அடுத்துக் காத்திருந்த முப்பது பேரின் விவரங்களைக் கையில் எடுத்தார்.