சிவப்புப் பூட்டு

பழுது சரியாகிவிட்டது. ரொட்டிகளை அடுப்புக்குள் கொண்டுபோகும் கன்வேயர் இனி ஓடலாம்.

ஓடவில்லை.

மெயின் சுவிட்சில் இன்னும் ஒரு பூட்டு தொங்கியது. சிவப்பு. இயந்திரப் பழுது பார்க்கும் ஃபிட்டருடையது.

அந்த ரொட்டி ஆலையில் ஒரு விதி உண்டு. இயந்திரத்தில் கை வைக்கிற ஒவ்வொருவரும் சுவிட்சில் தன் பூட்டை மாட்ட வேண்டும், தன் அட்டையோடு. மாட்டியவர்தான் திறக்க வேண்டும். முதலாளியே வந்து நின்றாலும் அடுத்தவர் பூட்டைத் தொடக் கூடாது.

எலக்ட்ரீஷியன் தன் மஞ்சள் பூட்டை அப்போதே கழற்றிவிட்டாள். காலையில் வேலை தொடங்கியதிலிருந்து அவள் ஏதோ ஒரு ஞானப்பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். முழங்கை வரை கிரீஸ், முதுகுக்குப் பின்னால் அடுப்பின் வெக்கை. பாட்டு வரும்படியான வேலை இல்லை அது.

ஃபிட்டர் தன் பூட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

நான்கு மாதத்துக்கு முன்பு, சர்ச்சில் ஆராதனை முடிந்து எல்லோரும் அவரவர் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது, கல்யாணம் பண்ணிக்கொள்ளலாமா என்று அவள்தான் அவனிடம் கேட்டாள். நாற்பது வயதில் சுற்றி வளைக்க அவளுக்குப் பொறுமை இல்லை.

ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றான்.

அவனை அறிந்தவர்களுக்கு அந்தப் பதில் புதிதல்ல. போர்மேன் வேலை அவனைத் தேடி வந்தபோதும் அதைத்தான் சொன்னான். அவன் ஜெபித்து முடிப்பதற்குள் இன்னொருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பார்த்து வைத்திருந்த வீடும் அப்படியே கைநழுவியது. ஒவ்வொரு முறையும் ஆண்டவருக்குச் சித்தமில்லை என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

ஜெபித்தது பொய்யில்லை. விடியுமுன் எழுந்து முழங்காலில் நிற்கிறவன்தான். முழங்காலிலிருந்து எழுந்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் சிக்கல்.

நேற்று அவள் சொல்லிவிட்டாள். நாளைக்கு இன்னொரு தடவை கேட்பேன், அதோடு சரி.

அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி பொறுமை இழந்தார். "யப்பா, இவன் ஜெபிச்சு முடிக்கிறதுக்குள்ள மாவு பொங்கி வாசல் வரைக்கும் வந்துரும்."

பன்னிரண்டு பேர் சிரித்தார்கள். எலக்ட்ரீஷியன் சிரிக்கவில்லை. பழந்துணியில் கையைத் துடைத்தபடி அவன் பக்கத்தில் வந்தாள்.

"ஆண்டவர் என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல." சாவியைப் பூட்டில் நுழைத்தான். "நான்தான் சொல்றேன். பண்ணிக்கலாம். நாளைக்கு ஏதாவது தப்பாப் போனாலும் அவர் மேல பழி போட மாட்டேன். நான்தான் பொறுப்பு."

"தப்பாப் போறதப் பத்தி இப்பவே பேசுற மாப்பிள்ளைய நான் இப்பத்தான் பாக்குறேன்."

சாவி திரும்பியது. பூட்டைக் கழற்றிச் சுவிட்சைப் போட்டான். கன்வேயர் ஒருமுறை உதறிக்கொண்டு நகர்ந்தது. முதல் வரிசை மாவு அடுப்புக்குள் போனது. மேஸ்திரி கைதட்டினார். கன்வேயர் ஓடியதற்காகத்தான் தட்டினார். அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே அவருக்கு நன்றி சொன்னான்.

அவள் சிவப்புப் பூட்டை அவன் கையிலிருந்து வாங்கி, அதில் தொங்கிய அட்டையைத் திருப்பினாள்.

அட்டையில் மூன்று வரிகள். பெயர். பிரிவு. ஆபத்தென்றால் யாரைக் கூப்பிட வேண்டும்.

பதினொரு வருடமாக மூன்றாவது வரியில் போதகரின் எண்தான் இருந்தது. ஆலை முழுக்க அதைச் சொல்லிச் சிரிக்கும்.

இப்போது அது அடிக்கப்பட்டு, மேலே புது மையில் வேறு எண் இருந்தது. அவளுடையது.

காலை ஆறு மணிக்கு, தன் மஞ்சள் பூட்டைப் பக்கத்தில் மாட்டியபோதே அவள் அதைப் பார்த்திருந்தாள்.