பிளாட்பாரத்து ஷூ

“இதுவா? டூப்ளிகேட்! பிளாட்பாரத்துல என் பையன் பேரம் பேசி வாங்கிட்டு வந்தான்” என்றாள் அம்மா, காலை நீட்டிக் காட்டி.

அவள் சொன்னது ஷூ கம்பெனி முதலாளியிடம். அதுவும் அந்தக் கம்பெனியின் ஆண்டு விழாவில், முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு.

பையன் யார் என்கிறீர்களா? அதே கம்பெனியின் போலி ஒழிப்பு அதிகாரி. அசல் ஷூவுக்குள் அடையாளத்துக்காக ஒளித்துத் தைக்கும் சிவப்பு நூல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்தே சந்து பொந்தில் விற்ற போலிகளை எல்லாம் அள்ளி வந்தவன். இன்னும் சற்று நேரத்தில் அதற்காக மேடையில் கேடயம் வாங்கப் போகிறவன்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவனுக்குப் புரையேறியது.

“அம்மா, நீ கொஞ்சம் சும்மா இரேன்!”

“இதுல என்னடா வெட்கம்? ஐயாகிட்ட சொன்னா தலையையா வாங்கிடுவாரு?”

வாங்கிவிடுவார். போலி ஷூ போட்டு வந்த சொந்த டிரைவரையே அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிய மனிதர் அவர். அதிகாரிக்குக் கேடயம் மறந்துபோனது. வேலை தங்கினால் போதும் என்றாகிவிட்டது.

“அப்ப எங்க சரக்கு உங்களுக்குப் பிடிக்கலையாம்மா?” முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

“பிடிக்காம என்னங்க! முட்டிவலிக்கு நல்லதுன்னு போன வருஷம் உங்க ஷூதான் வாங்கித் தந்தான். விலையைக் கேட்டதும் தலை சுத்திடுச்சு. பீரோவுல வெச்சுப் பூட்டிட்டேன். அவ்வளவு விலை குடுத்து வாங்குனதை மண்ணுல போட்டுத் தேய்க்க மனசு வருமா? இது டூப்ளிகேட், பயமே இல்ல. காய்கறிக் கடை, ஆஸ்பத்திரி, மொட்டை மாடி, எல்லாத்துக்கும் இதான். முட்டிவலி போன இடம் தெரியல!”

“ஒண்ணைக் கழட்டுங்க, பாக்கலாம்.”

“சார், அது வந்து...” அதிகாரி அம்மாவைப் பார்த்தான்.

முதலாளி ஷூவைத் திருப்பினார். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் பிளேடால் சுரண்டிய தழும்பு. உள்ளே விரலை விட்டு மெத்தையைத் தூக்கினார்.

அடியில் சிவப்பு நூல்.

நிமிர்ந்து அதிகாரியைப் பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக நின்றுகொண்டிருந்தான் அவன்.

முதலாளி மெத்தையைப் பழையபடி அமுக்கினார். தானே குனிந்து ஷூவை அம்மாவின் காலடியில் வைத்தார்.

“டூப்ளிகேட்டேதாம்மா. அதுலயும் படுமட்டம். பூட்டி வெக்கிற சரக்கே இல்ல, தைரியமா போட்டுத் தேயுங்க. தேஞ்சதும் சொல்லி அனுப்புங்க. அந்த பிளாட்பாரத்துக்காரனை எனக்கும் நல்லாத் தெரியும்.”